கதைப் பட்டறை: புறாத்தீவுக் காதல்

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் நடக்கும் கலகலப்பான காதல் குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். புறாத்தீவுக்குப் படகில் போகிறவர்களின் பெயர் பதியும் நாயகிக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் சிக்கல்). ‘எழுத்துகள் அவள் கண்முன் நடனமாடின’ என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அந்த வரியை வெட்டிவிடுங்கள். சிக்கல் கண்ணில் இல்லை. ஒலியையும் எழுத்தையும் உடனுக்குடன் பொருத்துவதில் இருக்கிறது. தமிழில் எழுத்தைக் கூட்டினாலே சொல் வந்துவிடும் என்பதால், வளர்ந்த பெண் பெரும்பாலும் சரியாகத்தான் வாசிப்பாள். ஆனால் மெதுவாக. அவசரப்படுத்தினால் சொல்லின் தொடக்கத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிப்பாள். எழுதும்போது கொம்பு சறுக்கும்: ‘கெ’யில் காதில் இரண்டாவதாகக் கேட்கும் ஒலிக்குரிய குறியைக் கை முதலில் போடவேண்டுமே! ல, ள, ழ குழப்பத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள்; அது பத்திரிகை ஆசிரியர்களுக்கே வரும்.

பிழைகளைவிட, அவற்றை மறைக்க அவள் பழகிவைத்திருக்கும் தந்திரங்களில்தான் உங்களுக்குச் சிரிப்பு கிடைக்கும். வாயால் சொல்லும் பத்து இலக்கத்தை நினைவில் பிடித்து எழுதுவது இவர்களில் பலருக்குக் கடினம். ஆகவே, “நம்பரைச் சொல்ல வேணாம், எனக்கொரு மிஸ்ட் கோல் அடிங்க” என்பாள். கொழும்பிலிருந்து வந்த பெடியன் அதை வேறுவிதமாக விளங்கிக்கொள்ளட்டும். பெயர்க் கொப்பியையும் அவன் பக்கமே தள்ளி, “நீங்களே எழுதுங்க, என்ட பேனை சரியில்லை” என்பாள். பிறகு அவன் வட்ஸ்அப்பில் நீளமாகக் காதல் எழுத, அதை அவள் போனையே வாசிக்கவிடுகிறாள். உணர்ச்சியில்லாத இயந்திரக் குரல், சத்தமும் கூட. பக்கத்தில் இளநீர் வெட்டும் மாமிக்கு முழுவதும் கேட்டுவிடுகிறது.

கேள்வி: கடைசியில் நாயகன் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, குறை தீர்ந்ததாக முடிக்கலாமா?

பதில்: கூடாது. இது வாழ்நாள் முழுவதும் கூடவரும். ஒலி ஒலியாகச் சொல்லி, கையால் எழுதிப் பழகும் பயிற்சி வாசிப்பை இலகுவாக்கும். ஆனால் ஒரு சீசனில் முடிகிற வேலையல்ல. காதலன் வாத்தியாரானால் கதையும் படுத்துவிடும். அவன் குரல் பதிவு அனுப்பப் பழகினால் போதும். எழுதத்தான் வேண்டுமென்றால், ஒரு செய்தியில் ஒரு விடயம், குட்டி வரிகள்.

கேள்வி: படகில் காதலைச் சொல்வதாகக் காட்சி. எந்த மாதம் வைக்கலாம்?

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை. டிசெம்பரில் வாடைக் கடலில் உல்லாசப் படகு விட்டால் திருகோணமலை வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். காலை நேரமே நல்லது. பிந்தினால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசும். தீவு கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர்தான். நான்கு பக்க வசனம் முடியுமுன் படகு கரைதட்டிவிடும், எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவும் கேட்காது. நீருக்குள் வாயில் சுவாசக் குழாய், அங்கே சைகை மட்டும்தான். பவளப்பாறைப் பக்கம் கருந்துடுப்புச் சுறாக்கள் வரும். அவன் பதறிப் படகில் தொற்றட்டும். சுறா கடித்ததாக மட்டும் எழுதாதீர்கள், அவை பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை.