கூடுதல் கோல் அடித்தும் தோற்ற அணி: ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) 2023 கேள்வி பதில்

கேள்வி: இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் 13 கோல், காலிங்வுட் 12. கோப்பை எப்படிக் காலிங்வுட்டுக்கு?

பதில்: கோல் என்றால் 6 புள்ளி. கோல் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் நடுவே போனாலோ கோல் கம்பத்தில் உரசினாலோ 'பிஹைண்ட்', 1 புள்ளி. காலிங்வுட்டுக்கு அப்படி 18, பிரிஸ்பேனுக்கு 8. கூட்டினால் 90–86. நான்கு கோல் அடித்துச் சிறந்த வீரர் பதக்கம் பெற்ற பாபி ஹில், முந்தைய ஆண்டுதான் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

கேள்வி: இது ரக்பிதானே?

பதில்: இல்லை.

கேள்வி: 2022 சாம்பியன் ஜீலாங்?

பதில்: 2023இல் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. முடித்தது 12ஆம் இடத்தில்.

கேள்வி: கார்ல்டன்?

பதில்: பருவத்தின் நடுவில் 15ஆம் இடம், பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் கூச்சல். பிறகு தொடர்ந்து 9 வெற்றி, இறுதிப் போட்டிக்கு முந்தைய சுற்று வரை ஓட்டம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: புள்ளிப் பட்டியலைக் கண்மூடி நம்பாதீர்கள். 18 அணிகள், ஆளுக்கு 23 ஆட்டங்கள். ஆறு அணிகளோடு மட்டும் இரண்டு முறை மோதல். அந்த ஆறில் யார் வருகிறார்கள் என்பதே பாதித் தலைவிதி.

கேள்வி: அடிலெய்ட் 12 ஆட்டம் தோற்றது. ஒரு நடுவர் தவறைச் சொல்லி ஏன் புலம்பல்?

பதில்: கணக்குப் போடுவோம். 23ஆம் சுற்று, சிட்னியுடன் ஆட்டம். கடைசி நேரத்தில் பென் கீஸ் உதைத்தது கோல். கம்பத்தில் பட்டதாகச் சொல்லி நடுவர் 1 புள்ளிதான் கொடுத்தார், காணொளிச் சோதனையும் கேட்கவில்லை. தோல்வி 1 புள்ளியில். மறுநாள் லீக்கே தவறை ஒப்புக்கொண்டது. பட்டியலில் ஒரு வெற்றிக்கு 4 புள்ளி; வென்றிருந்தால் அடிலெய்டுக்கு 48 புள்ளி, சிட்னிக்கு 46. புல்டாக்ஸ் அணியும் 48தான், ஆனால் அடித்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள விகிதத்தில் அடிலெய்ட் மேல். எட்டாம் இடம், அதாவது அந்த ஆண்டு இறுதிச் சுற்றுகளுக்கான கடைசி வாய்ப்பு, அவர்களுக்கே.

கேள்வி: மீதி நேரத்தில் சிட்னி பதிலடி கொடுத்திருந்தால்?

பதில்: கொடுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 4 புள்ளி பின்தங்கித் துரத்துவதும், 1 புள்ளி முன்னிலையில் பந்தைப் பதுக்குவதும் ஒன்றா?

கேள்வி: பிரிஸ்பேன் கூடுதல் கோல் அடித்தும்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், ஐயா.

கேள்வி: கடைசி இடம்?

பதில்: வெஸ்ட் கோஸ்ட். சிட்னியிடம் 171 புள்ளியில் தோற்ற அணி. நார்த் மெல்போர்ன் 20 தோல்விகளுக்குப் பின் கடைசி வாரம் கோல்ட் கோஸ்ட்டை வென்றது. அதனால் கடைசி இடம் வெஸ்ட் கோஸ்டுக்குப் போனது. கூடவே, புதிய இளம் வீரர்களில் ஒருவரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் (கடைசி அணிக்கே அது) போனது: அப்படிக் கிடைத்தவர் ஹார்லி ரீட். நார்த் ரசிகர்கள் அன்று சிரித்தார்களா, அழுதார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: ரக்பியில் எத்தனை...

பதில்: அடுத்தவர்.