வீசிங் வரும்போது நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

நான் ஆய்வுகூடத்தில் நோயெதிர்ப்புக் கலங்களோடு வேலை செய்பவன். மருந்தின் அளவை என்னிடம் கேட்காதீர்கள், அது டொக்டரின் வேலை. மற்றதைக் கேளுங்கள்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: அலர்ஜி வெண்குருதிக் கலங்களின் வேலைதானே சேர்? நுரையீரல் இழையத்துக்கு அதில் என்ன பங்கு?

தங்கச்சி, தொடக்கமே அங்கேதான். கம்பளியை உதறும்போது பறக்கும் தூசியில் தூசி உண்ணி என்ற கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரியின் எச்சம் இருக்கும். அதிலுள்ள டெர் பி 1 என்ற நொதியம், மூச்சுக்குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் மேலணிக் கலங்களை இறுகப் பிணைத்திருக்கும் புரதங்களை வெட்டிவிடும். காயப்பட்ட மேலணி சும்மா இருக்காது. டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25 என்ற சைகைப் புரதங்களை வெளிவிடும். பக்கத்திலிருக்கும் ஐஎல்சி2 என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் அதைக் கேட்டு ஐஎல்-5, ஐஎல்-13 என்ற வேறு சைகைப் புரதங்களைச் சுரக்கும். இதற்கிடையே, அந்நியப் பொருளைப் பிடித்துக் காட்டும் கிளைக் கலங்கள் உண்ணியின் புரதத்தை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களுக்குக் காட்ட, அவற்றிலிருந்து அலர்ஜியை நடத்தும் டிஎச்2 கலங்கள் உருவாகும். அவை சுரக்கும் ஐஎல்-4 தூண்டினால் ஐஜிஇ என்ற அலர்ஜிப் பிறபொருளெதிரி உற்பத்தியாகி, இழையத்திலிருக்கும் மாஸ்ட் கலங்களில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை உண்ணி வந்ததும் மாஸ்ட் கலம் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டும், குழாய் சுருங்கும்.

ஐஎல்-13 திரும்பி மேலணிக்கே வந்து சளியைப் பெருக்கும். ஐஎல்-5 பெருக்கிய இயோசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் மேலணியை அரிக்கும். அரிபட்ட மேலணி மறுபடி டிஎஸ்எல்பி விடும். இந்த வட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். டிஎஸ்எல்பியைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் கடும் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது.

ஹட்டன்: நீலப் பம்ப் அடித்தால் சரியாகிறதே, மற்றப் பம்ப் எதற்கு?

அண்ணே, நீலப் பம்பிலுள்ள சல்பியூட்டமோல் மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். மேலே சொன்ன வட்டம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஸ்டீரொயிட் பம்ப். மூச்சு லேசானதும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பண்டாரவளை: பம்ப் பழகிவிடுமா?

ஸ்டீரொயிட் பம்ப் பழகாது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மஸ்கெலியா: தேயிலை சலிக்கும் இடத்தில் எல்லோரும் இருமுகிறோம். எல்லோருக்குமா அலர்ஜி? தூசி தூசிதான்.

நியாயமான வாதம். ஐஜிஇ இல்லாமலும் தூசி குழாயை எரிச்சல்படுத்தும். ஆனால் தேயிலைத் தூசிக்கே ஆஸ்துமா வந்த தொழிலாளர்களும் உண்டு. லீவு நாட்களில் மூச்சு லேசாகி, வேலைக்குப் போனதும் இறுகுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் நெஞ்சு நோய் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அதே மஸ்கெலியாவுக்கு நுவரெலியாவிலிருந்து ஓர் அக்கா: தேயிலையை ஏன் குறை சொல்கிறீர்கள்? தோட்ட லயத்து வீடுகளின் அடுப்புப் புகைதான் காரணம்.

சண்டை வேண்டாம். புகைக்கும் ஐஜிஇ தேவையில்லை, அதுவும் மேலணியைத்தான் காயப்படுத்துகிறது, டிஎஸ்எல்பியும் வரும். காயப்பட்ட அந்த மேலணியில் உண்ணியும் தேயிலைத் தூசியும் சுலபமாக உள்ளே போகும். அதனால் உங்கள் இருவர் பேச்சும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. அடுப்புக்கு மேலே புகை போக வழி வையுங்கள், அக்கா.

பதுளை: பம்ப் எத்தனை தடவை அடிக்கலாம்?

கிளினிக்கில் கேளுங்கள்.