786-ஆம் எண் பில்லை

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் நாக்பூருக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகளுக்கு மொழி பழகட்டும் என்று சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து ஒரு ஹிந்திப் படம் பார்க்க ஆரம்பித்தோம். இப்போது எனக்கு அலுத்துவிட்டது. யாரும் வேலைக்குப் போவதில்லை. மாளிகை, கல்யாணம், வெளிநாடு, அவ்வளவுதான். நாயகன் பெயர் மல்ஹோத்ரா, கபூர், கன்னா என்பதற்குள் அடங்கிவிடுகிறது. என் கவுண்டருக்கு வருகிற ஒரு ஆள்கூட அந்தப் படங்களில் இல்லை. நடுவில் ஆறு பாட்டு, எல்லாம் வாயசைப்பு. நம்மூர்க்காரன் வந்தால் நெற்றியில் பட்டையும் ‘ஐயய்யோ’வும்தான். நீங்கள் போன மாதம் ஹிந்தி சினிமாவைப் பற்றி அவ்வளவு பிரியமாக எழுதியிருந்தீர்கள். விவரம் தெரியாத ஜனங்களிடம் கனவை விற்றுக் காசு பார்க்கிற தொழில் அது என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் உங்களுக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எஸ்., நாக்பூர்

அன்புள்ள எஸ்.,

‘என் கவுண்டருக்கு வருகிற ஒரு ஆள்கூட அந்தப் படங்களில் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். எனக்கும் அதே வருத்தம் பல வருடங்களாக உண்டு. ஆனால் ஒரு காலத்தில் அந்த ஆட்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஹிந்தி சினிமா மேல் எனக்கு இருக்கும் பிரியம் அவர்களால் வந்தது.

1975 ஜனவரியில் வந்த ‘தீவார்’ பார்த்திருக்கிறீர்களா? தமிழில் ரஜினிகாந்த் நடித்து 1981-இல் ‘தீ’ என்று வந்ததே, அதன் மூலம். யஷ் சோப்ரா இயக்கியது, சலீம்-ஜாவேத் எழுதியது. அதில் அப்பா ஒரு தொழிற்சங்கத் தலைவர். குடும்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு முதலாளி மிரட்ட, தொழிலாளிகளுக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவமானத்தில் ஊரைவிட்டே ஓடிப்போகிறார். அம்மா இரண்டு பையன்களோடு பம்பாய் வந்து, கட்டட வேலையில் சித்தாளாகச் சுமை தூக்குகிறாள். பெரியவன் விஜய் தெருவில் ஷூ பாலிஷ் போடுகிறான், தம்பி படிக்கட்டும் என்று. ஒரு பெரிய மனிதர் பாலிஷுக்கான காசைத் தூக்கி எறிகிறார். பையன் எடுக்கவில்லை. நான் பிச்சை எடுக்கவில்லை, வேலை செய்கிறேன், எடுத்துக் கையில் கொடுங்கள் என்கிறான். பத்து வயதுக்கு மேல் இருக்காது அவனுக்கு. கண்ணில் தண்ணீர் கிடையாது, குரலும் உயரவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

பெரியவனாகித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவன் கையில் இருக்கும் கூலிப் பில்லையின் எண் 786. இஸ்லாமியர்களுக்கு அது புனிதமான எண், பத்திரமாக வைத்துக்கொள் என்று கூட வேலை செய்யும் ரஹீம் சாச்சா சொல்கிறார். கோயில் படி ஏற மறுக்கும் ஹிந்துப் பையன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். பின்னால் கடத்தல்காரனாகி, சூட்டும் கோட்டும் போட்டு, பெரிய பங்களா வாங்கிய பிறகும் அந்தப் பித்தளைப் பில்லை அவனிடம்தான் இருக்கிறது. துப்பாக்கிக் குண்டைக்கூட அது தடுக்கிறது. கடைசியில் ஓடும்போது கைநழுவி விழுகிறது, எடுக்க முடியவில்லை, அதற்குப் பிறகுதான் அவன் சாகிறான். மதச் சின்னம் அவனைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை எப்போதும் கூலிக்காரனின் பில்லையாகத்தான் பார்க்கிறேன். மூட்டை தூக்கிய நாளின் அடையாளம் கூடவே இருந்தவரை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் வேலை தேடிப் பம்பாய் போய், லால்பாகில் ஒரு சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள தொழிலாளர் குடியிருப்பில், நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். பக்கத்து அறைக்காரர் நெசவு ஆலையில் தறி ஓட்டியவர். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் பேர் வெளியே வந்தார்களே, அவர்களில் ஒருவர். அவருடைய ஆலை அப்புறம் திறக்கவே இல்லை. நான் பார்க்கும்போது காய்கறி வண்டி தள்ளிக்கொண்டிருந்தார். கணபதி விழா நாட்களில் சாலின் முற்றத்தில் டிவியும் விசிஆரும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். ஒரு ராத்திரி ‘தீவார்’ போட்டார்கள். அப்பா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடும் இடம் வருவதற்குச் சற்று முன்னால் அவர் எழுந்து போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து வந்து உட்கார்ந்தார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். அந்த இடத்தை மட்டும் என்னால் பார்க்க முடியாது, மற்றதெல்லாம் பார்ப்பேன் என்றார்.

விவரம் தெரியாத ஜனங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு நான் ஒத்துப்போக முடியாமல் நிற்கிறேன். அவருக்கு அந்தப் படத்தில் எது கதை, எது தன் வாழ்க்கை என்று நன்றாகத் தெரியும். எந்த நிமிஷத்தில் எழுந்து போக வேண்டும் என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தார்.

இனி நீங்கள் பார்த்து அலுத்த படங்களுக்கு வருகிறேன். அவற்றுக்கெல்லாம் மூத்த படம் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’, 1995 அக்டோபர். இயக்கியவர் ஆதித்ய சோப்ரா, யஷ் சோப்ராவின் மகன். அப்பா ‘தீவார்’ எடுத்து இருபது வருடம் கழித்து மகன் இதை எடுக்கிறார். இதில் வேலைக்குப் போகிறவர் ஒரே ஒருவர்தான் கண்ணில் படுகிறார், கதாநாயகியின் அப்பா பல்தேவ் சிங். லண்டனில் விடிகாலைக் குளிரில் புறாக்களுக்குத் தீனி போட்டுவிட்டு நடந்து போய்ச் சின்னக் கடை ஒன்றைத் திறக்கிறார். கதாநாயகன் ராஜ் மல்ஹோத்ரா கோடீஸ்வரரின் மகன், பட்டப்படிப்பில் தேறாதவன். கடை மூடிய நேரத்தில் நண்பர்களோடு வந்து பீர் கேட்கிறான். அவர் மறுக்கிறார். இவன் பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பணத்தைக் கல்லாமேல் எறிந்துவிட்டு ஓடுகிறான்.

அரங்கம் சிரிக்கிறது. நானும் அன்றைக்குச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஷூ பாலிஷ் பையன் ஞாபகத்துக்கு வந்தான். அப்பாவின் படத்தில், எறிந்த காசை எடுக்க மாட்டேன் என்றவன் நாயகன். மகனின் படத்தில் காசை எறிகிறவன் நாயகன், கடைக்காரர்தான் காதலுக்குத் தடை. நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்து அலுத்த ஒரு மனிதர் கடை மூடிய பிறகு பீர் தர மாட்டேன் என்றது படத்தில் கண்டிப்பாகத் தெரிகிறதே தவிர, அலுப்பாகத் தெரியவில்லை. ஒரே குடும்பத்தில், இருபதே வருடத்தில் இது நடந்துவிட்டது. உங்கள் புகாரின் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அது ஏன் நடந்தது என்று கேட்டால், கதாசிரியர்களுக்குக் கற்பனை வறண்டது என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்குகிற ஆள் மாறினார். 1997-இல் டெல்லி சாகேத்தில் முதல் மல்டிபிளெக்ஸ் வந்தது. லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் விற்கும் ஒரு டிக்கெட், பாட்னாவில் விற்கும் பல டிக்கெட்டுகளுக்குச் சமம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். மும்பை லோயர் பரேலில் இருந்த ஃபீனிக்ஸ் மில் இன்றைக்கு மால். உள்ளே சினிமா ஓடுகிறது. ஆலையின் பழைய புகைபோக்கியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். தறி ஓட்டியவர்கள் அதே இடத்தில் படம் பார்க்கப் போக முடியாது, கட்டுப்படியாகாது. பார்க்க வராதவர்களைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்?

ஆனாலும் அந்த ஜனங்கள் சினிமாவை விட்டுவிடவில்லை. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் 2000-களில் தங்கள் மொழியான போஜ்புரியில் வந்த படங்களுக்குப் போனார்கள். 2021 டிசம்பரில் ‘புஷ்பா’ ஹிந்தியில் டப்பிங் ஆகி வந்தபோது வடக்கே கூட்டம் அலைமோதியது. அந்தக் கதை எங்கே ஆரம்பிக்கிறது? செம்மரம் வெட்டும் தினக்கூலி ஒருவனிடம். சீக்கிரமே அவனும் கடத்தல் தலைவனாகி விடுகிறான், அது வேறு விஷயம். ஹிந்திக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன நாற்காலியில் தெலுங்கிலிருந்து ஒருவன் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

மும்பை சென்ட்ரல் பக்கத்திலுள்ள மராத்தா மந்திர் தியேட்டரில் ராஜ் மல்ஹோத்ராவின் படம் காலை 11.30 காட்சியாக ஓடிக்கொண்டே இருந்தது, 2014-இல் 1000 வாரம் தாண்டியது. ஒருமுறை போய் உட்கார்ந்தேன். டாக்ஸி ஓட்டுபவர்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், மூட்டை முடிச்சோடு வந்த ஒரு குடும்பம். மலிவான டிக்கெட். அவர்களுக்கு அந்தப் படத்தில் என்ன கிடைக்கிறது என்று கவனித்தேன். சுவிட்சர்லாந்துக் காட்சிகளில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஓடிப்போய்விடுங்கள் என்று பெண்ணின் அம்மாவே நகையைக் கொடுக்கும் இடத்தில் ராஜ் மறுத்து, அப்பா சம்மதித்தால்தான் கூட்டிப்போவேன் என்கிறானே, அப்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியவர்களை அவமதிக்காமல் ஒரு பெண் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்ள வழி உண்டா என்பது அவர்கள் வீட்டிலும் இருக்கும் கேள்வி. மாளிகைக்காக அவர்கள் வரவில்லை.

பாட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1931-இல் வந்த முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’விலேயே ஏழு பாட்டு. நம் கூத்திலும் நாடகத்திலும் எப்படிப் பாட்டோடு கதை வந்ததோ, அங்கேயும் அப்படித்தான். ராஜ் கபூர் படங்களுக்குப் பாட்டு எழுதிய சைலேந்திரா, தலித் குடும்பத்தில் பிறந்து, மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். குரு தத்தின் ‘பியாசா’வில் (1957) தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிழைக்கும் ஒருவனாக ஜானி வாக்கர் வருவார். கல்கத்தா தெருவில் அவன் கூவுகிற கூவல் அப்படியே பாட்டாகிவிடும், ரஃபியின் குரல். வியாபாரக் கூவலுக்கும் பாட்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாயசைப்பு என்று தள்ளிவிடாமல் அந்த ஒரு பாட்டைப் பாருங்கள்.

தெற்கத்தியான் கேலி பற்றி நீங்கள் எழுதியது சரி. ‘படோசன்’ படத்தில் தெற்கத்தியானாக வந்த நடிகர் மெஹமூதிலிருந்து ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ வரை அது தொடர்கிறது, பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதில் சமாதானம் கிடையாது.

பெயர் பற்றிய புகார் இன்னும் ஆழமானது. நான் கொண்டாடும் ‘தீவார்’ நாயகனே விஜய் வர்மாதான். மூட்டை தூக்குகிறவனுக்கு என்ன சாதி என்று பழைய ஹிந்திப் படங்கள் கேட்டது மிக அபூர்வம். தீண்டாமையைத் தொட்ட ‘சுஜாதா’ படம் போல ஒன்றிரண்டு உண்டு, அங்கேயும் இரக்கம்தான் அதிகம். அதனால் உங்களுக்கு ஒரு படம் சொல்கிறேன். நீரஜ் கெய்வானின் ‘மசான்’, 2015, பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இரண்டு பரிசு வாங்கியது. காசியில் பிணம் எரிக்கும் டோம் குடும்பத்துப் பையன் தீபக். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே படித்துறையில் வேலை செய்கிறான். மேல்சாதிப் பெண் ஒருத்தியைக் காதலிக்கிறான். யாத்திரை போன பஸ் விபத்தில் இறந்தவர்களின் உடல்கள் வரிசையாக வந்து சேர்கின்றன. வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது துணிக்கு வெளியே ஒரு கை தெரிகிறது, அதில் ஒரு மோதிரம். அவனுக்கு அது தெரிந்த மோதிரம்.

அந்தக் காட்சியில் அவன் வேலையும் சாதியும் காதலும் ஒரே இடத்தில் நிற்கின்றன, யாரும் எதையும் விளக்குவதில்லை. பின்னால் அவன் ரயில்வே வேலைக்குப் போகிறான். அப்படிப்பட்ட பையன்கள் உங்கள் கவுண்டருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வந்திருப்பார்கள்.

சின்னக் குழந்தைகள் என்றால் இப்போது காட்ட வேண்டாம், உங்கள் வீட்டம்மாவும் நீங்களும் பாருங்கள். பிள்ளைகளுக்கு வரும் சனிக்கிழமை ‘தீவார்’ போடுங்கள். ஷூ பாலிஷ் பையன் கையை நீட்டும் இடத்தில் அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்