பையனுக்கு மனச்சோர்வு, வீட்டில் துப்பாக்கி: கணவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம், கிரீன் கார்டு இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு திருட்டு நடந்தபின் கணவர் கைத்துப்பாக்கி வாங்கினார். 16 வயது மகன் இப்போது மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கிறான். "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருநாள் சொன்னான். வீட்டில் துப்பாக்கி உண்டா என்று டாக்டர் கேட்டதும் கணவருக்குக் கோபம். "பூட்டித்தானே வச்சிருக்கேன். சாகணும்னு நினைக்கிறவன் எப்படியும் ஒரு வழி தேடிப்பான்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: மகன் சொன்னதை டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவனிடமும் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இனி கணவர். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் பலரும் அவரைப் போலத்தான் பேசுவார்கள். பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்புதான் முக்கியக் காரணம் என்றார்கள். திருடனை நினைத்து வாங்கிய பொருளால் பிள்ளைக்கே ஆபத்து என்றால் யாருக்கும் சட்டென்று மனசு ஒப்பாது. ஆனால் அங்கே துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைதான். 2022-ல் மட்டும் சுமார் 27,000.

"எப்படியும் ஒரு வழி தேடிப்பான்" என்பது தவறு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தற்கொலைக்கு முயன்று தடுக்கப்பட்ட 515 பேரைப் பற்றி 1978-ல் ஓர் ஆய்வு வந்தது. பல வருடம் கழித்துப் பார்த்தால் சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். சாகத் தூண்டும் அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதுதான் பெரிய விஷயம். துப்பாக்கி என்றால் பிழைப்பது மிக அரிது.

"துப்பாக்கியே வேண்டாம்" என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில்தான் முடியும். "இவன் தேறும்வரை வெளியே வைப்போம், எங்கே வைப்பதென்று நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். குடித்திருக்கும் நண்பனிடம் கார் சாவியை வாங்கி வைப்பதைப் போலத்தான் இதுவும். டாக்டர் சொன்னால் எரிச்சல்படுபவர், தன்னைப் போலவே துப்பாக்கி வைத்திருக்கும் நண்பரோ முன்னாள் ராணுவக்காரரோ சொன்னால் காதுகொடுப்பார். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பின் அந்த மாநிலத்தில் கடைக்காரர்களே தற்கொலைத் தடுப்பு வேலையில் கைகோர்த்தார்கள். கணவரிடம் இதைச் சொல்லுங்கள். துப்பாக்கி பிடிக்காதவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு இல்லை என்று அவருக்குப் புரியும்.

சரி, வெளியே என்றால் எங்கே? உங்கள் டெக்சாஸிலேயே இருக்கும், சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளக்கூடிய நண்பரோ உறவினரோ போதும். சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் வாங்கி வைப்பதுண்டு. முதலில் போனில் கேளுங்கள், துப்பாக்கியோடு நேரே போய் நிற்க வேண்டாம். நம்மவர்கள் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு: எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பரிடமோ, விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமனாரிடமோ கொடுத்துவிடாதீர்கள். இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது.

அதுவரை தோட்டாவைக் கழற்றித் துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வையுங்கள். நம்பர் பூட்டு என்றால் இன்றைக்கே நம்பரை மாற்றச் சொல்லுங்கள். பெற்றோரின் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் 16 வயதுப் பையனுக்கு அத்துப்படி. 17 வயதுக்குட்பட்டவர் கையில் கிடைக்கும்படி, சுடத் தயாரான நிலையில் துப்பாக்கியை அஜாக்கிரதையாக விடுவது டெக்சாஸில் குற்றம் என்பதும் கணவருக்குத் தெரிந்திருக்கட்டும். வீட்டிலுள்ள தூக்க மாத்திரை, வலி மாத்திரைகளையும் கையோடு பூட்டி வையுங்கள்.

எப்போது திரும்பக் கொண்டுவரலாம் என்பதை மகனின் டாக்டரோடு பேசி முடிவுசெய்யுங்கள். நடுவில் அவன் பேச்சோ நடவடிக்கையோ பயமுறுத்தினால் தனியே விடாமல், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 911. அப்போது வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே பூட்டியிருக்கிறது என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.