ஆக்ஸில் வரவில்லை என்றால் ஸ்விங் ஆர்மை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் வேலை. ஏழு ஆண்டுப் பழைய 125 சிசி பைக். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. என்ஜினை மட்டும் சரிபார்த்து ஓட்டிவந்தேன். இப்போது பின் டயர் மாற்றப் போனால் நட்டு கழல்கிறது, ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே நுழைந்து அதைத் தாங்கும் தண்டு) அசையவில்லை. ஆக்ஸில், பேரிங் (சக்கரம் லேசாகச் சுற்ற உதவும் வளையம்), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) நான்கையும் மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறது சர்வீஸ் சென்டர். நேற்றுவரை சக்கரம் நன்றாகத்தானே சுற்றியது?

பதில்: சக்கரம் சுற்றும், ஆக்ஸில் சுற்றாது. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஹப்போடு சேர்ந்து சுழல்வது பேரிங்கின் வெளிவளையம் மட்டும். உள்வளையம், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இரும்புக் குழாய், அதற்குள் நுழைந்திருக்கும் ஆக்ஸில் ஆகிய மூன்றும் நட்டு இறுகியதும் ஒன்றாக உறைந்து நிற்பவை. அந்த மெல்லிய இடைவெளிக்குள் உங்கள் ஊர் வெள்ளம் புகுந்திருக்கிறது. இரும்பைவிட அதன் துருவுக்கு அதிக இடம் வேண்டும் என்பதால், துரு ஏற ஏற இடுக்கு அடைத்துக்கொள்கிறது. வண்டி வழக்கம்போல ஓடும். கழற்றும் நாளில்தான் தெரியவரும்.

இனி அந்த 9,000. பின் சக்கர ஆக்ஸில் ஸ்விங் ஆர்மில் நுழையும் இடத்தைக் குனிந்து பாருங்கள். செயினை இறுக்கவும் தளர்த்தவும் வசதியாக நீள்துளை இருக்கும். ஆக்ஸில் அதில் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். துருப் பிடிப்பு பெரும்பாலும் அங்கே இருக்காது, ஹப்புக்குள்தான் இருக்கும். ஸ்விங் ஆர்ம் துருவால் அரித்து ஓட்டையாகியிருந்தால் ஒழிய அதை மாற்றச் சொல்வதற்கு நியாயமில்லை. ஹப்பும் அப்படியே. விரிசலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

கழற்றும் வேலையில் அவசரம்தான் எதிரி. துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஆக்ஸிலின் இரண்டு முனைகளிலும், பக்கவாட்டு புஷ் (ஹப்புக்கு வெளியே ஆக்ஸில்மேல் மாட்டியிருக்கும் குழாய்த்துண்டு) சேரும் இடுக்குகளிலும் அடித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் மறுபடி ஒரு முறை. பின்னால் டிரம் பிரேக் என்றால் அந்தப் பக்கம் கொஞ்சமாக அடியுங்கள்; எண்ணெய் பட்ட பிரேக் ஷூ பிடிக்காது. அடுத்து, ஆக்ஸிலைத் தட்டுவதற்கு முன் திருப்பிப் பார்க்க வேண்டும். தலையில் ஸ்பானரை மாட்டி முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். முடியளவு திரும்பினாலும் பாதி வேலை முடிந்தது. எண்ணெய் உள்ளே இறங்கும்.

அதற்குப் பிறகுதான் சுத்தியல். நட்டை ஆக்ஸில் முனையோடு சமமாக வரும்வரை திருகிவைத்து, மேலே பித்தளைத் துண்டையோ கெட்டியான மரக்கட்டையையோ வைத்து அடிக்க வேண்டும். பல சிறு அடிகளைவிடக் கனமான சுத்தியலால் ஓர் அடி மேல். பல ஆண்டுகளுக்கு முன் நான் நட்டு இல்லாமல் வெறும் மரையின் மேல் ஓங்கி அடித்தேன். முனை காளான்போல விரிந்துவிட்டது, பிறகு அது துளை வழியாக வருமா? அரத்தை வைத்து ஒரு மதியம் முழுக்க ராவினேன்.

சூடுகாட்டுவது கடைக்காரர் வேலை. ஸ்ப்ரே எரியக்கூடியது, பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, ரப்பர் சீல் உருகும். வீட்டில் வேண்டாம்.

எதற்கும் அசையவில்லை என்றால் வெட்டுவதுதான் வழி. ஸ்விங் ஆர்முக்கும் பக்கவாட்டு புஷ்ஷுக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை (இரும்பு அறுக்கும் ரம்பம்) நுழைத்து இரு பக்கமும் அறுத்தால் சக்கரம் கீழே இறங்கிவிடும். உள்ளே மாட்டிய துண்டை லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவார்கள். உங்களுக்கு நஷ்டம் ஆக்ஸில், பேரிங், புஷ் மட்டுமே. 125 சிசி வண்டிக்கு இவையெல்லாம் நூறுகளில் முடியும் செலவு. அந்த நான்கு பாகக் கணக்கைத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆக்ஸிலும் பேரிங்கும் மாற்றியதாக 2,400 ரூபாய் பில். பழைய பாகங்களைக் கேட்டால் எறிந்துவிட்டோம் என்கிறார்கள். மாற்றவே இல்லை என்று சந்தேகம். என்ன செய்யலாம்? (கோவை வாசகர்)

பதில்: முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வேறொரு மெக்கானிக் முன்னிலையில் சக்கரத்தைக் கழற்றினால் புதிய ஆக்ஸிலும் பேரிங்கும் தாமே சொல்லிவிடும். கழற்றும்போதே படம் எடுங்கள். பொய் என்றால் பில்லின் நகலோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அடுத்த முறை வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஆக்ஸிலுக்கு என்று விலை உயர்ந்த செம்புப் பசை விற்கிறார்களே, வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். பழைய துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, தண்டு முழுவதும் விரலால் மெல்லிய பூச்சு. கொழகொழவென்று அப்பினால் மண்தான் சேரும். மரையில் பூசாதீர்கள், கிரீஸ் பட்ட மரையில் அதே பலத்தில் முறுக்கினால் நட்டு அளவுக்கு மீறி இறுகும். காட்டர் பின் (நட்டு தானாகக் கழலாமல் தடுக்கும் கம்பி) இருந்தால் புதியது போடுங்கள். இதையெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்துக்கு முன் செய்வது நல்லது. ட்யூப் டயர் காலத்தில் பஞ்சர் கடைக்காரர் புண்ணியத்தில் ஆக்ஸில் அடிக்கடி வெளியே வந்துகொண்டிருந்தது. ட்யூப்லெஸ் டயரில் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டிவிடுகிறார்கள், அதனால் நான்கைந்து ஆண்டுகள் யாரும் அதைத் தொடுவதில்லை. வாட்டர் வாஷ் கொடுக்கும்போது குழாயின் வேகத்தை ஹப்பை நோக்கிப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.