டலஸ் சிப்பும் செத்த பெட்டரியும்: கேள்வி பதில்

ஹட்டன்: அண்ணே, தோட்டத்து ஒபிஸில் கழித்துவிட்ட 486 ரகப் பழைய கணினி ஒன்று கிடைத்தது. போடும்போதெல்லாம் திகதி பின்னால் போய்விடுகிறது, ஹார்ட் டிஸ்க்கையும் காட்டுவதில்லை. போர்டில் பெட்டரியே இல்லையே?

பதில்: இருக்கிறது தம்பி, சிப்புக்குள்ளேயே. 'டலஸ்' என்று எழுதி, அலாரம் மணிக்கூட்டுப் படம் போட்ட கறுப்புக் கட்டி ஒன்று இருக்கும். டலஸ் என்பது கம்பனியின் பெயர்; சிப்பின் எண் டிஎஸ்1287 அல்லது 12887. நேரத்தையும் டிஸ்க் விவரத்தையும் நினைவில் வைப்பது இந்தச் சிப்தான். லித்தியம் பெட்டரியையும் மணிக்கூட்டுக்குத் துடிப்புக் கொடுக்கும் 32.768 கிலோஹேர்ட்ஸ் கிறிஸ்டலையும் சிப்பின் முதுகில் வைத்து எபொக்சி ஊற்றி மூடியிருக்கிறார்கள். பத்து வருடக் கணக்கில் செய்தது. அந்தப் பெட்டரி செத்தால் டிஸ்க் விவரமும் மறந்துபோகும். டிஸ்க் கெட்டுவிட்டதென்று வீசிவிடாதீர்கள்!

சிப் சொக்கட்டில் இருந்தால் மெதுவாக நெம்பி எடுங்கள். 13ஆம் காலிலிருந்து 24 வரை உள்ள பக்கத்தில் 16ஆம், 20ஆம் கால்கள் வெளியே இருக்காது, இடைவெளிதான் தெரியும். அவை மேல்நோக்கி மடங்கிப் பெட்டரிக்குப் போகின்றன. அந்த இரண்டு இடத்திலும் சின்ன அரத்தால் பக்கச் சுவரைச் சுரண்டுங்கள். கறுப்புத் தூளுக்கு நடுவே மினுக்கென்று உலோகம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதைக் குறுக்கே வெட்டினால் மேல்பாதி பழைய பெட்டரிக்கு, கீழ்பாதி சிப்புக்கு. கீழ்பாதியில் வயர் பற்றவைத்து, சிஆர்2032 என்ற நாணய வடிவப் பெட்டரியின் ஹோல்டரில் பிளஸை 20க்கும் மைனஸை 16க்கும் கொடுங்கள். அவசரப்பட வேண்டாம், நான் ஒரு சிப்புக்கு ஒரு மணித்தியாலம் எடுப்பேன். தூளை மூச்சில் இழுக்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள்.

நுவரெலியா: என்னுடைய 386இல் நீல நிற உருளை பெட்டரி. சுற்றிலும் பச்சையாகப் பூத்திருக்கிறது.

பதில்: ஐயா, இதை இன்றைக்கே வெட்டி எடுங்கள். டலஸ் செத்தால் நேரமும் டிஸ்க் விவரமும்தான் போகும்; இந்த நிக்கல் கட்மியம் பெட்டரி ஒழுகினால் போர்டின் செப்புக்கோடுகளையே தின்றுவிடும். உங்கள் ஊர் ஈரத்தில் இன்னும் மோசம். ஒழுகியது காரம், அதனால் வினாகிரியில் நனைத்த பழைய டூத்பிரஷால் தேய்த்து, பிறகு ஐசோபுரோபைல் அல்கஹோலால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பதிலுக்கு சிஆர்2032 போடுவதானால் கட்டாயம் மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒரு டயோட் வேண்டும், கோடு போட்ட முனை போர்டைப் பார்த்தபடி. போர்டு பழைய பெட்டரிக்குச் சார்ஜ் அனுப்பும். அது லித்தியத்துக்கு ஆபத்து.

பண்டாரவளை: புது டலஸ் வாங்கினால் என்ன?

பதில்: வாங்கலாம். ஆனால் பழசைத் துடைத்துப் புதுசென்று விற்பவர்களும் உண்டு.

பதுளை: பெட்டரி மாற்றிவிட்டேன், நேரம் நிற்கிறது. டிஸ்க் இன்னும் வரவில்லை அண்ணா.

பதில்: கணினி தொடங்கும்போது திறக்கும் செட்டப் திரையில், டிஸ்க்கின் அளவைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை நீங்களே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். கொடுத்ததும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.