பிசியோதெரபியில் கரண்ட் வைக்கும்போது துடித்துக்கொண்டிருந்த தொடை, திடீரென்று இறுகி நிற்பது ஏன்?

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தொடையில் கரண்ட் வைத்தபோது முதலில் விட்டு விட்டுத் துடித்தது, குமிழைத் திருப்பியதும் அப்படியே இறுகிவிட்டது, கரண்டைக் கூட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டியிருக்க வேண்டியதில்லை. திருப்பியது, நொடிக்கு எத்தனை முறை கரண்ட் பாய வேண்டும் என்பதை மாற்றும் அதிர்வெண் குமிழாக இருந்திருக்கும். நானும் பிசியோதெரபிஸ்ட்தான்; இந்தக் குமிழ்களோடுதான் தினமும் பிழைப்பு.

அந்த மெஷின் தசையை நேராகத் தூண்டுவதில்லை, தசைக்குப் போகும் நரம்பைத்தான் தூண்டுகிறது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கும், தசை இழையின் சவ்வில் மின் அலை ஓடும், உள்ளே பைகளில் அடைபட்டிருக்கும் கால்சியம் கொட்டும். அது டிரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டியதும், ஆக்டின் என்ற புரத இழையின் மேல் மூடியிருந்த இடங்கள் திறக்கும். மயோசின் என்ற இன்னொரு புரத இழையின் தலைகள் அங்கே பற்றி இழுக்கும். இழுவிசை பிறப்பது இங்கேதான். (பற்றிய பிடியை விடவும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அது தீர்ந்துபோவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மின் அலை சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அதனால் வரும் துடிப்பு ஏறி இறங்க, தசையைப் பொறுத்து, 100 மில்லி வினாடி வரையோ அதற்கு மேலோ ஆகும். ஒரே ஒரு பல்ஸ் (ஒரு முறை கரண்ட் பாய்வது) கொடுத்தால், மயோசின் இழுக்கும் இழுப்பில் ஒரு பங்கு தசைநாணையும் மற்ற மீள்தன்மையுள்ள பகுதிகளையும் விறைப்பாக்குவதிலேயே போய்விடும், தொய்ந்து கிடக்கும் கயிற்றை முதலில் இழுத்துச் சுருட்டுவதைப் போல. அது முடிவதற்குள் கால்சியத்தைப் பம்புகள் மறுபடி பைக்குள் ஏற்றிவிடும். ஆக, தசையின் முழு பலமும் எலும்பை எட்டுவதே இல்லை.

நொடிக்கு ஐந்தாறு பல்ஸ் என்றால் துடிப்புகள் தனித்தனியாகத் தெரியும். 35, 50 என்று போனால் ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கால்சியம் உள்ளே போக நேரம் கிடையாது, தொய்வும் மீண்டும் விழாது. அப்போது வரும் விசை ஒற்றைத் துடிப்பைப்போல மூன்று நான்கு மடங்குகூட இருக்கும். நீங்கள் உணர்ந்த இறுக்கம் இதுதான்.

கரண்டின் அளவைக் கூட்டினால் நடப்பது வேறு. அதிக நரம்பிழைகள் தூண்டப்படும், அதனால் அதிகத் தசை இழைகள் வேலைக்கு வரும். ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருக்கும் இழை அதற்காகக் கூடுதல் பலத்தோடு இழுக்காது.

மூளையும் இதே இரண்டு வழிகளைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் மெஷினைவிட எவ்வளவோ சாமர்த்தியமாக. முதலில் எளிதில் களைக்காத சிறிய அலகுகளை (ஒரு நரம்பிழையும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு) அழைக்கும், தேவைப்பட்டால்தான் பெரியவற்றை. அவற்றையும் ஒரே நேரத்தில் இல்லாமல் மாற்றி மாற்றி இயக்கும். அதனால் ஒவ்வொரு அலகும் குறைந்த வேகத்தில் இயங்கினாலும் மொத்த இழுப்பு சீராக இருக்கும். மெஷினோ அதே இழைகளை ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். தசை சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் 10 விநாடி இறுக்கம், 50 விநாடி ஓய்வு என்பதுபோல வைக்கிறோம். ஓய்வு நேரத்தில் மெஷின் நின்றுவிட்டது என்று பலர் மணியடித்துக் கூப்பிடுவார்கள்.

முட்டியைச் சுமார் 60 டிகிரி மடக்கி வைத்துக் கட்டுவதைப் பார்த்திருந்தால், அதற்கும் காரணம் உண்டு. ஆக்டினும் மயோசினும் போதிய அளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் நீளத்தில்தான் தசை அதிகம் இழுக்கும். 1966-ல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தவளையின் தசை இழையில் இதை அளந்தார்கள்: சார்கோமியர் (தசை இழையில் வரிசையாக இருக்கும், சுருங்கும் மிகச் சிறிய பகுதி) 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்கும்போது விசை உச்சம். அதைவிடக் குறுகினாலும் நீண்டாலும் குறையும்.

அடுத்த முறை இறுக்கம் தொடங்கும்போது, டாக்டர் தடை சொல்லாத பட்சத்தில், நீங்களும் சேர்ந்து தொடையை இறுக்கப் பாருங்கள். சும்மா படுத்து வாங்கிக்கொள்வதைவிட அது நல்லது.